வெலிப்: இருபது கிலோ இரவல் சைக்கிள்

பாரிஸின் பொது வாடகை சைக்கிளான வெலிப்பின் நிறுத்தங்களில் சீட் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும் சைக்கிளைப் பார்த்தால் எடுக்காதீர்கள். வண்டி பழுது என்று முன்னால் ஓட்டியவர் சொல்லிவிட்டுப் போகிறார். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட வழக்கம் இது. சொந்த சைக்கிளில் பல வருஷம் சுற்றிய பழைய கைகளுக்கு அது மட்டும் போதாது. டயரைக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். பெடலைப் பின்னோக்கிச் சுற்றுவார்கள். பிரேக் இரண்டையும் பிடிப்பார்கள். சீட்டை அமுக்கி, தானாக இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம்தான் பூட்டைத் திறப்பார்கள். வெலிப் ஓட்டுவதில் பாதித் திறமை, வண்டி பொறுக்குவதில் இருக்கிறது.

பச்சை நிற சாதா வண்டி சுமார் 20 கிலோ. எட்டு ஒன்பது கிலோ ரேஸ் சைக்கிளுக்குப் பழகிய கால், முதல் மிதியிலேயே முணுமுணுக்கும். நிமிர்ந்து உட்காரும் வாகு, அகன்ற ஹேண்டில்பார், முன்னால் கூடை, மூன்றே கியர். சமதரையில் சுகமாகப் போகிறது. கல் பாவிய பழைய தெருக்களில் இந்தக் கனமும் தடித்த டயரும் நல்லதுதான். மெல்லிய டயர்க்காரர்கள் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு போகிறார்கள். விரட்டினால் கியர் தீர்ந்துவிடும். பெல்வில், மோன்மார்த்ர் மேட்டில் மூச்சு தீர்ந்துவிடும்.

அதற்குத்தான் நீல வண்டி. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மோட்டார் கைகொடுக்கும். ஆனால் வழக்கமான மாதச் சந்தாவில் முதல் 30 நிமிடம் இலவசம் என்பது பச்சைக்கு மட்டும். நீலத்துக்குத் தனிக் காசு. ஆகவே கைதேர்ந்தவர்கள் ஏறும்போது நீலம், இறங்கும்போது பச்சை எடுப்பார்கள். இறக்கத்தில் மட்டும் ஓட்டிவிட்டு மெட்ரோவில் வீடு திரும்பும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. அவர்களால் மேட்டு நிறுத்தங்கள் வறண்டுபோக, 2008இல் அங்கே வண்டியைக் கொண்டுபோய் விடுகிறவர்களுக்கு 15 நிமிடம் போனஸ் தர ஆரம்பித்தார்கள். இன்றும் வண்டிகளை இடம் மாற்றி வைப்பது பெரிய வேலைதான்.

சைக்கிள் என்ற அளவில் இதற்கு நான் சுமாரான மதிப்பெண்தான் போடுவேன். ஆனால் நல்ல சைக்கிள் வைத்திருப்பவர்களும் வெலிப் அட்டையை விடாமல் வைத்திருக்கிறார்கள். திருட்டுப் பயம் இல்லை. போகும்போது ஓட்டிப் போய், திரும்பும்போது மழை பிடித்தால் ரயிலேறலாம். லா ஷப்பெல் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு, வேறு பக்கமாக வீடு போகலாம். நிறுத்திய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது.

2007 ஜூலையில் வெலிப் தொடங்கியபோது முதல் தலைமுறை வண்டி இன்னும் கனம், 22 கிலோவுக்கு மேல். 2018இல் நடத்தும் பொறுப்பு ஜேசிடெகோ நிறுவனத்தின் கையிலிருந்து ஸ்மோவெங்கோ நிறுவனத்துக்கு மாறிய மாதங்களில் நிறுத்தங்கள் தயாராகாமல் ஊரே திட்டியது. அப்போது திட்டிய பழைய கைகள்கூட ஒன்றை ஒப்புக்கொள்கிறார்கள்: இத்தனை பேர் சைக்கிளில் இறங்கிய பிறகுதான் கார்க்காரர்கள் திரும்பிப் பார்த்து ஓட்டக் கற்றார்கள். 2020இல் ரிவோலி தெரு பெரும்பாலும் சைக்கிளுக்கு ஒதுக்கப்பட்டதற்கு வெலிப் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், பங்கு உண்டு.

வண்டியைத் திருப்பி விடும்போது அவசரம் ஆகாது. சரியாகப் பூட்டாமல் போனால் ஆபத்தில் இருப்பது உங்கள் காப்புத்தொகை 300 யூரோ. பூட்டு விழுந்ததை ஹேண்டில்பார் திரை உறுதி செய்யும்வரை நில்லுங்கள்.