விற்கும் படமும் விற்காத படமும்

கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த 1960களில், அவருடைய மாணவர்களும் இளம் ஓவியர்களும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். வயிற்றுப்பாட்டுக்குத் துணி விற்றது, ஓவியம் யாருடைய வரவேற்பறைக்கும் அடங்கிப் போகாமல் இருப்பதற்காக. ஏரியைக் காக்க, மரம் நட என்று மாணவர்கள் படம் வரைந்து விற்று நிதி திரட்டும் இன்றைய வழக்கத்தில் இந்தப் பிரிவினைதான் காணாமல் போயிருக்கிறது. உண்மை சொல்ல வேண்டிய படமே விலைச்சீட்டையும் சுமக்கிறது.

வழக்கத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு மாலை உட்கார்ந்து வரையும் மாணவருக்கு மதகு எது, கலங்கல் எது, நீர் வடிந்த சேற்றில் நத்தைகுத்தி நாரை எங்கே இறங்குகிறது என்பது கண்ணில் பதியும். பாடப்புத்தகம் எவ்வளவு முயன்றாலும் இதைத் தராது. ஆனால் திரளும் பணத்தின் அளவைப் பார்க்க வேண்டும். 2017 மார்ச்சில் பக்கத்து ஊரான மணிமங்கலத்தில் நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டம் தொடங்கியபோது, முதல் கட்டத்தில் 1,519 பணிகளுக்கு ஒதுக்கிய தொகை 100 கோடி ரூபாய். ஒரு பணிக்குச் சராசரி ஆறரை லட்சம், அதுவும் கரை, மதகு, வாய்க்கால் என்ற அடிப்படை வேலைகளுக்கு. பள்ளிக் கண்காட்சி வசூல் இதற்கு அருகில் வராது. அதனால்தான் அது பெரும்பாலும் மரக்கன்றில் போய் முடிகிறது. கன்றுக்கு அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எந்தக் கண்காட்சித் துண்டறிக்கையும் எழுதுவதில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு, வாங்குகிறவர் யார் என்பதில் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஆலைகள் நிறைந்த வட்டாரம் இது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் நிகர லாபத்தின் மூன்றாண்டுச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம். ஆகவே அரங்கம் தருபவரும் படம் வாங்குபவரும் ஆலை நிர்வாகமாக இருப்பது இயல்பு. யாரும் மிரட்டத் தேவையில்லை. எது விலைபோகும் என்பது மாணவருக்கே தெரிந்துவிடும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பூமிப்பந்து, கண்ணீர் விடும் மரம் என்று எந்த ஊருக்கும் பொருந்தும் படங்கள் வரிசையாக வருகின்றன. இந்த ஏரிக்கோ சொந்தக் கதை இருக்கிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் இதிலிருந்து 2015 டிசம்பர் தொடக்கத்தில் நொடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) அறிக்கை, அப்போது சென்னையில் வந்த வெள்ளத்தை மனிதர் வருவித்த பேரிடர் என்றது. ஷட்டர் திறந்த அந்த இரவை வரைந்த படத்தை எந்த அலுவலகம் சுவரில் மாட்டும்?

பிள்ளைகளை ஏன் இந்த வழக்குகளில் இழுக்க வேண்டும் என்று கேட்பார்கள். பூமி அழுகிறது என்று வரையச் சொல்லும்போதே இழுத்தாகிவிட்டது. அழவைத்தவர் யார் என்ற கேள்வியை மட்டும் மூடிவைப்பதில் பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு? படத்தை விற்காவிட்டால் பணம் எங்கே என்பது இதைவிட நியாயமான கேள்வி. பதிலை ஈஞ்சம்பாக்கத்தார் எப்போதோ சொல்லிவிட்டார்கள்: வேறொன்றை விற்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கலைப்பயணங்கள் தெருவில் நாடகத்தை இலவசமாகப் போட்டுப் புத்தகங்களை விற்றன. இங்கே களிமண் பிள்ளையாரும் அகல்விளக்கும் விற்கலாம். ஏரி வண்டலை மண்பாண்டத் தொழிலாளர்கள் கட்டணமின்றி எடுக்க அரசு அனுமதி தருகிறது. மாணவர்கள் தனியாகக் கடை போட்டால் அந்தத் தொழிலாளர்களின் பிழைப்பில்தான் கைவைப்பார்கள் என்பதால், அவர்களோடு சேர்ந்து செய்து, கூலி போக மிஞ்சியதை எடுத்துக்கொள்வதே முறை.

மிஞ்சுவது சிறு தொகைதான். தூர்வார அது காணாது, கேள்வி கேட்கத் தாராளம். தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்களில் ஆக்கிரமிப்பு எவ்வளவு என்று நீர்வளத் துறையையும், சுற்றியுள்ள ஆலைக் கழிவுநீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் கேட்கலாம். 30 நாளில் வரும் பதிலைப் படத்துக்குப் பக்கத்தில், விலைச்சீட்டு தொங்கிய இடத்தில் ஒட்டலாம்.