தலைப்பே பொருந்தாத ஒரு தாள்

இப்பகுதியில் வழக்கமாக நூல்களுக்கு மதிப்புரை எழுதுவார்கள். நான் இம்மாதம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு தாளை. உங்கள் வீட்டு அலமாரியிலும் ரேஷன் கார்டுக்கு அருகே அது மடித்துக் கிடக்கலாம். 'கல்லீரல் செயல்திறன் சோதனை' என்பது அதன் தலைப்பு. கீழே பத்து வரிகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். எதிரே 'இயல்பு அளவு'. ஆங்காங்கே ஒரு நட்சத்திரக் குறி.

முதலில் தலைப்பைப் பார்ப்போம். இத்தாள் கைக்கு வந்ததும் நம் கண் தேடுவது எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு வரிகளைத்தான். இவை கல்லீரல் உயிரணுக்களுக்குள் இருக்கும் நொதிகள். உயிரணு காயப்பட்டால் இவை இரத்தத்தில் கசிகின்றன. அரிசி ஆலை ஒன்றின் தரையில் நெல் சிந்திக் கிடந்தால், மூட்டை எங்கோ கிழிந்திருக்கிறது என்று அறியலாம். ஆலை நாளொன்றுக்கு எத்தனை மூட்டை அரைக்கிறது என்று அதைக்கொண்டு சொல்ல முடியுமா? இன்னும் ஒன்று: மூட்டைகளே தீர்ந்துபோன ஆலையில் தரை சுத்தமாகத்தான் இருக்கும்!

போதாததற்கு, எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலுக்கு மட்டும் உரியதன்று. இதயத்திலும் தசைகளிலும் இரத்தச் சிவப்பணுக்களிலும் அது உண்டு. 1954-இல் லாட்யூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மென் ஆகியோர் இதனை இரத்தத்தில் அளந்து காட்டியது மாரடைப்பைக் கண்டறிவதற்காகவே.

அளக்கும் முறை அழகானது. பௌதிக ஆசிரியன் என்ற முறையில் இதில் எனக்குக் குறையில்லை. 340 நானோமீட்டர் புறஊதா ஒளியைக் கரைசலுக்குள் செலுத்தி, ஒளி உட்கவரப்படுவது என்ன வேகத்தில் குறைகிறது என்று பார்க்கிறார்கள். வெப்பநிலை மாறினால் வேகமும் மாறும். ஆகையால் 37 டிகிரி செல்சியஸில் நிறுத்துகிறார்கள்.

குறையெல்லாம் நட்சத்திரத்தில்தான். 'இயல்பு அளவு' என்பது பெரும்பாலும், நலமாக உள்ளவர்களில் நடுவில் வரும் 95 விழுக்காட்டினரின் அளவு. அதாவது, நூறு ஆரோக்கியசாலிகளில் ஐந்து பேர் வெளியே விழுவது வரையறையிலேயே அடங்கியிருக்கிறது. மாணவர்களே, 0.95-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.60 வரும். பத்து வரிகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால், நோயற்ற நூறு பேரில் நாற்பது பேர் ஒரு நட்சத்திரமாவது பெறுவார்கள்! உண்மையில் இவ்வரிகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. எனவே எண்ணிக்கை சற்றுக் குறையும். எல்லைக்கோடும் எங்கும் ஒன்றல்ல. எஸ்.ஜி.பி.டி.க்கு ஒரு சோதனைக்கூடம் 40 என்கிறது, மற்றொன்று 55 என்கிறது. அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் அமைப்பு ஒன்றோ 2017-இல் ஆண்களுக்கு 29 முதல் 33, பெண்களுக்கு 19 முதல் 25 என்றே மேல் எல்லையை வைத்தது. தெருவைக் கடந்து அடுத்த கூடத்திற்குப் போனால் அதே இரத்தம் நட்சத்திரத்தை இழந்துவிடலாம்.

எனக்கும் ஒன்று கிடைத்தது. எஸ்.ஜி.ஓ.டி. 61. வீட்டில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கல்லூரி விளையாட்டு விழாவில் பல ஆண்டுகளுக்குப் பின் கயிறு இழுத்தது மருத்துவர் கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று வாரம் கழித்து அளந்தபோது 27. கசிந்தது தசையிலிருந்து. முன்தினம் என்ன செய்தீர்கள் என்று கேட்க அத்தாளில் ஒரு வரி கிடையாது.

என் கதை சிரிப்போடு முடிந்தது. என் மாமாவின் கதை அப்படியல்ல. இருபது ஆண்டுகள் குடித்தவர். அவர் தாளில் அந்த இரு நொதிகளுக்கும் நட்சத்திரமே இல்லை. "பார்த்தாயா மாப்பிள்ளை, ஈரல் கல்லு மாதிரி இருக்கு" என்று என்னிடம் நீட்டினார். நானும் அந்த இரண்டு வரிகளை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். எட்டாவது வரியில் அல்புமின் 2.7 என்று இருந்தது, 3.5-க்குக் கீழே போகக்கூடாத எண். அல்புமினைத் தயாரிப்பது கல்லீரல். இரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் இருபது நாள். அது இவ்வளவு குறைந்திருந்தால், சிறுநீரில் இழப்பு போன்ற வேறு காரணம் இல்லாதபோது, உற்பத்தி பல வாரங்களாகவே தளர்ந்திருக்கிறது என்று பொருள். தாளில் செயல்திறனை உண்மையாகச் சொன்ன வரி அதுதான். அதற்கும் என் நொதிக்கும் ஒரே அளவு நட்சத்திரம்!

பிலிருபின் வரியைக் குறைகூற மாட்டேன். கல்லீரல் கழிவை வெளியேற்றுவதை அது ஓரளவு காட்டுகிறது. 1916-இல் வான் டென் பெர்க் அதை நேர், மறைமுகம் என இருவகையாகப் பிரித்துக் காட்டியதால், காமாலையின் காரணத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் இரத்தக் குழாயை வெயிலில் வைத்துவிட்டால் பிலிருபின் சிதைந்து எண் பொய்யாகும்.

மாமாவுக்கு வயிறு வீங்கிய பிறகு, மருத்துவர் தனியாக ஒரு சோதனை எழுதிக் கொடுத்தார். இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் புரோத்ராம்பின் சோதனை. உறைவதற்கான புரதங்களையும் கல்லீரலே செய்கிறது. அவற்றில் ஒன்றின் அரை ஆயுள் சில மணி நேரமே. ஆகையால் விட்டமின் கே குறைவு இல்லாதவரிடம் கல்லீரலின் இன்றைய நிலையை இதைப்போல் விரைந்து காட்டுவது வேறில்லை. பன்னிரண்டு வினாடி அளவில் இருக்க வேண்டியது அவருக்குப் பத்தொன்பது. 'கல்லீரல் செயல்திறன்' என்று தலைப்பிட்ட தாளில் அதற்கு இடமே இல்லை. வேறொரு சிறு சீட்டில், கல்லீரல் என்ற சொல்லே இல்லாமல், தட்டச்சாகி வந்தது.