காண்டிகையும் திறன்பலகையும்: திருத்தணிகை விசாகப்பெருமாளையர் காட்டும் கற்பித்தல் நெறி

இலக்கணம் கற்பித்தல் குறித்து அண்மைக் காலத்தில் எழுதப்படுவன பெரும்பாலும் கருவிகளைப் பற்றியனவாகவே உள்ளன. திறன்பலகை, ஒளிவீழ்த்தி, பதிவுசெய்த பாடம் ஆகியவற்றின் பயனை விரித்துரைப்போர், அவற்றின் வழியே செல்லும் பாடம் எம்முறையில் அமைதல் வேண்டும் என்பதனை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றனர். தமிழுக்கு இச்சிக்கல் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சு என்னும் கருவி வகுப்பறைக்குள் புகுந்தபோதும் இதே வினா எழுந்தது. அதற்கு விடை கண்டவருள் ஒருவர் திருத்தணிகை விசாகப்பெருமாளையர்.

திருத்தணி என்றவுடன் 1888-இல் அப்பகுதியில் தோன்றிய இராதாகிருட்டிணனாரை நினைக்கிறோம். 1962 முதல் அவர் பிறந்த நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அது தக்கதே. ஆயின் அதே ஊரின் பெயரைத் தம் பெயரொடு தாங்கிய இலக்கண ஆசிரியரை அந்நாளில் எவரும் நினைத்ததாக யாம் அறியோம்.

ஐயரின் புலமை மரபு கருதத்தக்கது. நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய விருத்தியுரையைத் திருத்தியமைத்தவர் சிவஞான முனிவர். அவர் மாணாக்கர் தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர். கச்சியப்பரிடம் பாடங் கேட்டவர் தணிகைக் கந்தப்பையர். கந்தப்பையர் மக்களே விசாகப்பெருமாளையரும் சரவணப்பெருமாளையரும். இங்ஙனம் விருத்தியின் வழியில் வந்தவர், தம் காலத்து மாணவர்க்கு எழுதியது விருத்தி அன்று, காண்டிகை.

இவ்வேறுபாட்டை நம் வகுப்பறைகள் மறந்துவிட்டன. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு என்னும் மூன்றும், அவற்றோடு வினாவிடையும் கொண்டு சூத்திரத்தின் உட்பொருளைத் தோற்றுவிப்பது காண்டிகை என்று நன்னூற் பொதுப்பாயிரம் வரையறுக்கின்றது. சூத்திரப் பொருளோடு அவ்விடத்திற்கு இன்றியமையாத பிறவற்றையும் விரித்துரைப்பது விருத்தி. (பொதுப்பாயிரம் முழுதும் பவணந்தியார் வாக்கோ என்னும் ஐயம் உண்டு, அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று.) காண்டிகையின் உறுப்புகளை வரிசையாக நோக்கின், அது உரைவகை என்பதினும் ஒரு நாட்பாடத்தின் திட்டம் என்றே சொல்லலாம். முதலில் கருத்து, பின் சொற்பொருள், பின் காட்டு, இறுதியில் மாணவனைப் பேசச்செய்யும் வினா. விருத்தி ஆசிரியன் தன் அறைக்குள் இருந்து கற்க வேண்டுவது. காண்டிகை அவன் வகுப்பிற்குக் கொண்டுசெல்ல வேண்டுவது. நாம் விருத்தியை வகுப்பிற்குக் கொண்டுசென்று, காண்டிகையைத் தேர்வுக் குறிப்பு விற்போரிடம் விட்டுவிட்டோம்.

ஐயர் இதனோடு நில்லாது, சூத்திர யாப்பை விட்டு, உரைநடையில் பாலபோத இலக்கணமும் செய்தார். ஏட்டில் வழங்கிய நூலை அப்படியே அச்சிற்கு மாற்றுவது எளிது. பலர் அதனையே செய்தனர். ஐயரோ கருவி மாறியதும் கற்போனும் மாறினான் என்று கண்டார். ஆசிரியன் அருகிருந்து உரைக்க ஏடு பார்த்த மாணவன் வேறு. அச்சுநூலைக் கையில் ஏந்தித் தனித்திருப்பவன் வேறு. பின்னவனுக்குச் சூத்திரம் முதற்படி ஆகாது. ஐயரின் காண்டிகையை அடியொற்றி ஆறுமுக நாவலர் தம் காண்டிகையை விளக்கமுற அமைத்ததும், அது பள்ளிகளில் நெடுங்காலம் நின்றதும் இந்நெறியின் வலிமைக்குச் சான்றாம். எனினும் ஐயரின் உரைநடை இன்றைய மாணவனுக்கு எளிதன்று என்பதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நாம் கொள்ள வேண்டுவது அவர் நடையை அன்று. அவர் செய்த தேர்வை.

இனி, திறன்பலகைக்கு வருவோம். நல்லாசிரியர் அல்லாதார்க்குப் பொதுப்பாயிரம் கூறும் உவமைகளுள் ஒன்று கழற்குடம். கழற்காய்களை எம்முறையில் இட்டாலும், கவிழ்க்குங்கால் முறை பிறழ்ந்து ஒருங்கே வீழும். யாமும் ஒருகாற் கழற்குடமாயினோம். உயிரீற்றுப் புணர்ச்சி முழுவதையும் வண்ணப் பட்டியல்களாக்கித் திரையிற் காட்டினோம். மாணவர் வியந்தனர், படியெடுத்தனர். மறுவாரம் ‘நாடென்று’ என்பதனைப் பிரித்தெழுதச் சொன்னபோது வகுப்பிற் பாதிக்கு மேல் தடுமாறியது. குறை பலகையினது அன்று. ஒரே நோக்கில் எல்லாம் தெரிந்தமையால் எதுவும் முதலாவதாகத் தெரியவில்லை.

எம் வகுப்பிற் பலர் வீட்டில் தெலுங்கு பேசுவோர். திருத்தணி 1960 ஏப்பிரல் முதல் நாளன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆயின் எல்லைக்கோடு வீட்டுமொழியை மாற்றுவதில்லை. 2006-இன் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய பின், இம்மாணவரும் நன்னூலின் வாயிலுக்கு வருகின்றனர். இவர்களைத் ‘தமிழ் வராதவர்’ என்று ஒதுக்கும் வழக்கம் ஆசிரியர் அறைகளில் உண்டு. அது இலக்கண அறிவின் குறை. மாணவர் குறை அன்று.

ஏனெனில், ‘நாடென்று’ என்பதில் உகரம் கெடுவது அவர்கள் செவிக்குப் பழகியது. தெலுங்கில் ‘ராமுடு’, ‘அதடு’ இரண்டும் சேர்ந்து ‘ராமுடதடு’ ஆகும். அதனை உத்வ சந்தி என்பர். சென்னையில் தெலுங்குப் புலவராயிருந்த சின்னயசூரி 1858-இல் வெளியிட்ட பாலவியாகரணம் அவ்விதியை வகுத்துரைக்கின்றது. ஒரே நகரில், ஒரே நூற்றாண்டில், இரு மொழியிலும் ‘பால’ என்னும் அடைமொழியோடு இலக்கணம் எழுந்தமை தற்செயல் அன்று என்பது எம் துணிபு. அச்சும் புதிய பள்ளியும் இரு மொழிப் புலவரையும் ஒரே வினாவின்முன் நிறுத்தின.

இத்தகைய மாணவர்க்குப் பாடம் வகுக்குங்கால் நன்னூலின் வைப்புமுறை சிறிது மாறல் வேண்டும். உடம்படுமெய்யை 162-ஆம் நூற்பாவிலும், குற்றியலுகரம் கெடுதலை 164-ஆம் நூற்பாவிலும் பவணந்தியார் வைத்தார். யாம் 164-ஐ முதலிற் கொண்டோம். தெலுங்கு மாணவன் அறிந்த ஒலியிலிருந்து தொடங்கி, ‘நாடென்று’, ‘காடெல்லாம்’ எனப் பயிற்றி, அதன் பின்னரே ‘பசுவென்று’ என்பதில் முற்றியலுகரம் கெடாது வகரம் பெறுவதனைக் காட்டினோம். அவன் இடறும் இடம் அதுவே. முற்றியலுகரமும் சிற்சில இடத்துக் கெடும் என்னும் விதியைப் பிறிதொரு நாளுக்கு ஒதுக்கினோம். நூலாசிரியர் வைப்பை மாற்றுதல் தகுமோ எனின், தொல்காப்பியத்தில் இல்லாத பதவியலைப் புணர்ச்சிக்கு முன் புதிதாக வைத்தவர் பவணந்தியாரே.

கருவியின் பயனும் இங்கேதான் விளங்கிற்று. இருமுறை கேட்பின் பிழை நீங்கும், மும்முறை கேட்பின் முறையறிந்து உரைக்கலாம் என்பது பாயிரத்தின் கருத்து. ஆசிரியன் மும்முறை உரைக்கப் பாடவேளை இடந்தராது. பதிவுசெய்த ஒலி தரும். 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இடம்பெற்ற விரைவுக் குறியீடுகளையும், 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியையும் இந்நோக்கில் மதிப்பிடல் வேண்டும். ஆயினும் அதே பாயிரம் ஆசிரியனிடம் கேட்பதாற் பெறும் அறிவைக் காற்பங்காகவும், உடன்கற்போரோடு பயில்வதைக் காற்பங்காகவும், பிறர்க்கு உரைப்பதை அரைப்பங்காகவும் கணக்கிடுகின்றது. திரையிற் காட்டும் பாடம், எத்துணைச் சிறந்ததாயினும், முதற் காற்பங்கையே தொடுகின்றது.

எனவே பாடவேளையின் பின்பாதியில் யாம் திரையை அணைத்துவிடுகிறோம். தெலுங்கு வீட்டு மாணவன் உத்வ சந்தியை உரைக்க, தமிழ் வீட்டு மாணவன் ‘பசுவென்று’ என்பதனை உரைக்கிறான். சென்ற ஆண்டு இம்முறையிற் பயின்ற ஒரு மாணவி, ‘பாலு’, ‘ஊரு’ என்று தன் பாட்டி தெலுங்கிலும் அண்டைவீட்டார் தமிழிலும் சொல்லும் உகரம் குற்றியலுகரமாகுமா என்று வினவினாள். வல்லினத்தை ஊராத உகரம் குற்றியலுகரம் ஆகாது என்று உடனே விடை கூறினோம். பேச்சுத் தமிழுக்கும் தெலுங்கிற்கும் பொதுவான அவ்வுகரத்தை எவ்வியலில் வைத்து உரைப்பது என்று அவள் மீண்டும் கேட்டாள். நன்னூலில் அதற்கு இடமில்லை. எல்லையூர் மாணவர்க்கென யாம் எழுதத் தொடங்கியுள்ள காண்டிகையின் முதல் வினா அதுவாக அமைந்துள்ளது.