சிக்னலில் மங்கும் ஹெட்லைட்

வண்டி ஓடும்போது பளிச்சென்று எரிகிற ஹெட்லைட், சிக்னலில் நின்று இன்ஜின் ஐடிலிங்குக்கு வந்ததும் சோர்ந்து மஞ்சளாகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டதும் மறுபடி நிமிர்கிறது. காரின் மின்கோளாறுகளில் ரசிக்கத் தக்கது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பெரும்பாலான பழுதுகள் வாய் திறப்பதில்லை. இது தானாகவே பாதி வாக்குமூலம் கொடுத்துவிடுகிறது. விளக்குக்குப் போகிற வயரிலோ ஹோல்டரிலோ துரு ஏறியிருந்தால், இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் வெளிச்சம் குறைந்தே இருக்கும். வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்றால், மின்சாரம் பிறக்கும் ஆல்டர்னேட்டரையும் அது சேரும் பேட்டரியையும் சந்தேகிக்க வேண்டும். கைதேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறக்கும் முன்பே இவ்வளவு தூரம் வந்துவிடுவார். எத்தனை பாகங்களைக் கழற்றாமல் விட்டார் என்பதை வைத்தே அவர் கலையை மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

ஐடிலிங் என்பது ஆல்டர்னேட்டருக்குப் பஞ்ச காலம். இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று அளவில் ஓடுகிறது. புல்லி அளவால் ஆல்டர்னேட்டர் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் சுற்றினாலும், முழுத் திறனில் ஒரு பகுதியைத்தான் அப்போது தர முடியும். செலவோ அப்போதுதான் கூடுகிறது. வண்டி நின்றுவிட்டதால் எதிர்க்காற்று இல்லை, ரேடியேட்டர் பேன் சுழலத் தொடங்குகிறது. ஏசி ஓடுகிறது, மழை என்றால் வைப்பரும் சேர்ந்துகொள்கிறது. 60 வாட் ஹாலஜன் பல்புகள் இரண்டு மட்டுமே சுமார் 10 ஆம்பியர் கேட்கும். பற்றாக்குறையை பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும். 14.2 வோல்ட்டில் எரிந்த விளக்கு 12.6 வோல்ட்டுக்கு இறங்கும்போது மின்னழுத்தம் குறைவது ஏறக்குறைய 11 சதவீதம். வெளிச்சமோ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இழைச் சூடு சற்றுத் தணிந்தாலே ஒளி அதைவிடப் பல மடங்கு சரியும். மீட்டரில் அற்பமாகத் தெரிகிற ஒன்றரை வோல்ட் கண்ணுக்குப் பெரிய குறையாகப் படுவது இதனால்தான். பேட்டரியும் நலிந்ததாக இருந்தால் 12 வோல்ட்டுக்கும் கீழே போகும்.

இனி மீட்டர் பேச வேண்டும். விளக்கு, பேன், ஏசி எல்லாம் ஓட, பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால், ஐடிலிங்கில் குறைந்தது 13 வோல்ட்டாவது நிற்க வேண்டும். அதற்குக் கீழே விழுந்து, ரேஸ் பண்ணினால் 14க்கு ஏறுகிறது என்றால் பெல்ட் வழுவழுத்து வழுக்குகிறதா, கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மீட்டரை மாறுதிசை வோல்ட் அளவுக்கு மாற்றிப் பார்ப்பது இன்னும் அழகான சோதனை: அரை வோல்ட்டைத் தாண்டினால், உள்ளே ஒரு டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி சில நூறு ரூபாய் எர்த் பட்டை; சார்ஜ் பாதையில் அது தடுப்பதால் பேட்டரி அரைவயிற்றோடு இருந்து ஐடிலிங்கில் கைவிடுகிறது. இவை எல்லாம் சரியாக இருந்தும் மங்கினால், நல்ல எலக்ட்ரீஷியன் மின்சாரத்தையே விட்டுவிட்டு ஐடிலிங் வேகத்தைப் பார்ப்பார். த்ராட்டில் பாடியில் கரி படிந்து இன்ஜின் 600க்கு இறங்கியிருந்தால், அங்கே துடைத்துவிடுவதுதான் விளக்குக்கு வைத்தியம். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

‘ஐடிலிங்கில் கொஞ்சம் மங்கத்தான் செய்யும், இதற்கு இத்தனை ஆராய்ச்சியா’ என்று கேட்பவர்கள் உண்டு. டைனமோ காலத்தில் அது முழு உண்மை. சென்னையில் கார் மின்பாகங்கள் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் 1961இல் தொடங்கப்பட்டபோது நம் கார்களில் இருந்தது டைனமோதான். ஐடிலிங்கில் டைனமோவை பேட்டரியோடு இணைக்கும் கட்-அவுட் விட்டுவிடும், ஆம்மீட்டர் முள் கழித்தல் பக்கம் சாயும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். அந்தக் குறையைத் தீர்த்ததுதான் ஆல்டர்னேட்டரின் பெருமை. அதை வைத்துக்கொண்டும் டைனமோ போல மங்குவதை இயல்பு என்று ஏற்பது சோம்பல். அந்தக் காலத்தின் இன்னொரு மிச்சம், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘சார்ஜ் வருகிறதா’ என்று பார்ப்பது. டைனமோ அதைத் தாங்கியிருக்கலாம்; ஆல்டர்னேட்டரில் திடீரென எகிறும் மின்னழுத்தம் டையோடுகளையும் இசிஎம் என்ற இன்ஜின் கணினியையும் பொசுக்கிவிடும். இது கைத்திறமை ஆகாது. அதிக வாட் பல்பு போடுவதும் அப்படித்தான்: வருமானம் போதாத வீட்டில் செலவைக் கூட்டுகிற வேலை.

ஸ்கேனரும் எல்இடியும் வந்தபின் இந்தக் கலைக்கு இடமேது என்பது கனமான கேள்வி. எல்இடி விளக்கின் டிரைவர் மின்னழுத்தம் சற்று இறங்கினாலும் ஒளியைச் சீராக வைத்திருக்கும். புதிய கார்களில் சார்ஜிங்கை இசிஎம் தானே கூட்டிக் குறைக்கிறது. அங்கே மங்கல் என்ற சாட்சி மறைந்துதான் போகிறது. ஆனால் ஸ்கேனர் காட்டுவது சென்சார் உள்ள இடத்தின் கதையை. எர்த் பட்டையின் பச்சைப் பூஞ்சணத்துக்கு எந்த சென்சாரும் கிடையாது. ஹாலஜன் விளக்கோடு ஓடும் கார்களும் நம் சாலைகளில் இன்னும் ஏராளம். அப்படியொன்று உங்களிடம் இருந்து விளக்கும் மங்கினால், மீட்டரைக் கையில் எடுக்காமலே ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.