தண்டனையில் கழித்துக்கொண்ட உரிமை

பன்னாட்டுக் குற்றவியல் நீதிக்கு மனித உரிமைச் சட்டம் இரண்டு வேலை செய்கிறது. எது குற்றம் என்று சொல்ல உதவுகிறது; குற்றம் சாட்டப்பட்டவரை எப்படி நடத்த வேண்டும் என்று நீதிமன்றத்தையே கட்டுப்படுத்துகிறது. ருவாண்டா இனப்படுகொலைக்காக ஐ.நா. பாதுகாப்பு அவை 1994-இல் அமைத்த, தான்சானியாவின் அருஷா நகரில் இயங்கிய தீர்ப்பாயத்தில் முதல் வேலை நன்றாகவே நடந்தது. இரண்டாவதுதான் தடுமாறியது.

டாபா ஊரின் தலைவராக இருந்த அகாயேசு மீதான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இடம்பெறவே இல்லை. சாட்சிக் கூண்டில் பெண்கள் சொன்னவற்றுக்குப் பிறகு, 1997-இல் அது திருத்தப்பட்டது. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்தால் பாலியல் வன்முறையும் இனப்படுகொலையே என்று 1998-இல் தீர்ப்பு வந்தது. அந்த அமர்வில் இருந்த ஒரே பெண், தமிழ் வம்சாவளித் தென்னாப்பிரிக்கரான நவநீதம் பிள்ளை. 1948-இன் இனப்படுகொலை உடன்படிக்கையை முதன்முதலாக ஒரு பன்னாட்டு நீதிமன்றம் பொருள்கொண்டு தண்டித்தது இந்த வழக்கில்தான்.

வெறுப்பைப் பரப்பிய ஆர்.டி.எல்.எம். வானொலியின் நிறுவனர்களில் ஒருவரான பாரயக்விசாவின் வழக்கு வேறு கதை. கேமரூனில் நெடுங்காலம் அடைபட்டிருந்த அவர், அருஷாவுக்கு வந்த பிறகும் 96 நாள் கழித்தே நீதிபதி முன் நிறுத்தப்பட்டார். உரிமை மீறல் கடுமையானது என்று சொல்லி, 1999 நவம்பரில் மேல்முறையீட்டு அமர்வு அவரை விடுவிக்க உத்தரவிட்டது. ருவாண்டா அரசு கொதித்தெழுந்து ஒத்துழைப்பை நிறுத்தியது. சாட்சிகள் அந்த நாட்டில்தான் இருந்தார்கள். 2000 மார்ச்சில் ‘புதிய தகவல்கள்’ கிடைத்தன என்று காட்டி, அதே அமர்வு உத்தரவை மாற்றியது. வழக்கு தொடர்ந்தது; 2003-இல் ஆயுள் தண்டனைக்குப் பதில் 35 ஆண்டு விதிக்கப்பட்டது. மீறப்பட்ட உரிமைக்குக் கிடைத்த பரிகாரம் அதுதான்.

தண்டனைக் குறைப்பு பொருந்தாத பரிகாரம் என்று சொல்ல முடியாது. உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கும் நீதி கேட்கும் உரிமை உண்டு. நடைமுறைப் பிழைக்காக வழக்கையே கைவிட்டால் அந்த உரிமை செத்துவிடும். ஆனால் அந்த முடிவுக்கு ஓர் அரசின் கோபத்துக்குப் பிறகு வந்ததுதான் கோளாறு. சொந்தமாகப் போலீஸ் இல்லாத நீதிமன்றம், அரசுகளின் தயவில் நிற்கிறது.

குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர்களின் நிலை இன்னும் மோசம். முன்னாள் அமைச்சர் ருவாமகூபா சுமார் எட்டு ஆண்டு சிறையில் இருந்து 2006-இல் விடுதலையானார். முதல் சில மாதங்கள் வழக்கறிஞர் தரப்படாததற்கு 2,000 டாலர் கிடைத்தது. சிறைவாசத்துக்கு ஒன்றும் இல்லை. 2004-இல் விடுதலையான இன்னொரு அமைச்சர் ந்தகெரூரா, ஏற்க ஒரு நாடு இல்லாமல் அருஷாவிலேயே பல ஆண்டு கிடந்தார். 2021 டிசம்பரில் அவர் உட்பட எட்டுப் பேர் நைஜருக்கு அனுப்பப்பட்டனர். சில வாரங்களுக்குள் அந்த நாடும் வெளியேறச் சொன்னது.

சட்டம் எந்த வகையிலும் மனித உரிமைகளுக்கு முரணாகக் கையாளப்படக் கூடாது என்று, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. இழப்பீட்டுக்கு 85-ஆம் பிரிவு இருக்கிறது. எழுத்தில் இது முன்னேற்றம்தான். விடுதலையானவரை ஏற்கும் கடமை மட்டும் எந்த நாட்டின் தலையிலும் வைக்கப்படவில்லை. தண்டிக்கப்பட்டவரைத் தம் சிறையில் வைக்க ஒப்பந்தம் போடும் நாடுகள், விடுவிக்கப்பட்டவருக்குக் குடியிருக்க இடம் தரவும் கையெழுத்திட வேண்டும். அதுவரை இந்த நீதி பாதிதான்.