நாலு மணிக்கொரு மாத்திரை

முற்றிய புற்றுநோய்க்கு மருத்துவமனையில் தரும் வலி நிவாரணத்தில் ரகசியம் ஏதும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த வழிதான்: வாயால் விழுங்கும் மருந்து, கடிகாரம் பார்த்து. சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம் தாங்கும். ஆகவே வலி எழுமுன் அடுத்தது. நடுராத்திரியில் எழுப்பாமலிருக்கப் படுக்கும்போது இரட்டை அளவு. மலம் இறுகும் என்பதால் கூடவே மலமிளக்கி. இதை எழுத மறந்தால் வலி போய் வேறு வேதனை வரும்.

எனக்கு மார்ஃபினைவிடப் பெரிதாகப் படுவது மெட்ரோனிடசோல் பொடி. விலை மலிந்த மாத்திரை. நுணுக்கி மார்புப் புண்ணில் தூவிவந்தால் சில நாளில் வாடை அடங்கும். வாடைக்குக் கூசித் திண்ணையோடு ஒதுங்கிய பெண் மறுபடி கூடத்தில் வந்து படுக்கிறாள்.

குறைகளும் உண்டு. நரம்பு வலிக்கு மார்ஃபின் மட்டும் போதாது. கருப்பைவாய்ப் புற்று சிறுநீர்க்குழாயை நெரித்துவிட்டால் மருந்து உடம்பில் தேங்கி, ஆள் அரைமயக்கத்தில் கிடப்பார். எலும்பு வலிக்கு ஒரே தவணைக் கதிர்வீச்சு நன்றாகக் கேட்கும். ஆனால் விழுப்புரம் பக்கத்துத் திருவாமாத்தூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு, இடுப்பெலும்பு வலியோடு, 40 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கிப் போக வேண்டும்.

1985இன் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை ஆஸ்பத்திரிகளிலிருந்தே விரட்டியிருந்தது. 2014இல் திருத்தினார்கள். ஆனாலும் தெருமுனை மருந்துக்கடையில் இன்றும் பெரும்பாலும் கிடைக்காது. சீட்டு எழுதிய இடத்துக்கே திரும்பப் போகவேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியர் வீடு தேடி வருகிறார், புண்ணைக் கட்டுகிறார். நல்ல ஏற்பாடு. ஆனால் அளவு போதவில்லை என்று கண்டாலும் மார்ஃபினைக் கூட்டி எழுத அவருக்கு அதிகாரமில்லை.

இதையெல்லாம் பணமும் ஆணையும் சரிசெய்யும். சரியாகாதது, மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையைத் தொடங்கும் நேரம். கீமோவும் கதிர்வீச்சும் ஓய்ந்து, “வீட்டுக்கு இட்டுனு போங்க” என்ற பிறகே மார்ஃபின் சீட்டு கைக்கு வருகிறது. ஊர் கவனிக்காமல் விடுமா? ‘கடைசி மருந்து’ என்று பேர் வைத்துவிட்டது. வீட்டாரின் அறியாமை என்று டாக்டர்கள் அலுத்துக்கொள்வார்கள். அவர்கள் எழுதும் நேரம்தானே அந்தப் பேரைச் சூட்டியது? நோய் தெரிந்த நாளிலேயே வலி மருத்துவரையும் பார்க்க வைத்திருந்தால், மார்ஃபினும் மருந்துகளில் ஒன்றாக இருந்திருக்கும்.

இதோடு மறைப்பும் சேர்கிறது. “வயித்துப் புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கோம் டாக்டர், நீங்க எதுவும் சொல்லிடாதீங்க.” திருவாமாத்தூர்க் கோயில் வட்டப்பாறையின்மேல் கைவைத்துப் பொய் சொல்ல அஞ்சுகிற ஊர் இது; கட்டிலில் கிடப்பவரிடம் மட்டும் அஞ்சுவதில்லை. அன்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயிற்றுப் புண்காரர் எப்படி நாலு மணிக்கொரு மாத்திரை கேட்பார்? கேட்டால் ஏன் கேட்கிறார் என்று சொல்ல நேரும். அவர் பல்லைக் கடித்துக்கொள்கிறார். மகள் பாதியாக உடைத்துத் தருகிறாள். மீதி மாத்திரை அட்டை, ரொம்ப முடியாதபோது ஆகட்டும் என்று, சாமி மாடத்தில் திருநீற்றுத் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது.