கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவன்

ஹாரிக்கு ஒரு பழக்கம். புதுப் புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பான். முடிப்பதற்குள் செத்துப்போய்விட்டால்? முடிவாவது தெரிந்திருக்கும் இல்லையா. 1977இல், கல்லூரி முடிந்த கையோடு சிகாகோவிலிருந்து நியூயார்க் போகும் 18 மணி நேரக் கார் பயணத்தில், அன்றுதான் அறிமுகமான சாலியிடம் இதைச் சொல்கிறான். சொல்லும்போது ஒரு பெருமை வேறு. தான் இருட்டுப் பக்கம் உள்ள ஆள், மரணத்தைப் பற்றியெல்லாம் யோசிக்கிறவன் என்று அவளுக்குத் தெரியவேண்டும். சாலி மசியவில்லை.

யோசித்தால், காதல் நகைச்சுவைப் படம் பார்க்க உட்காரும் நாம் எல்லோருமே ஹாரிதான். போஸ்டரைப் பார்த்தாலே கடைசிப் பக்கம் தெரிந்துவிடும். ‘வென் ஹாரி மெட் சாலி’ என்று பெயரிலேயே ஜோடியைச் சொல்லிவிட்ட பிறகு மிச்சம் என்ன இருக்கிறது? ஆனாலும் 1989இல் வந்த இந்தப் படத்தை, அது வந்தபோது பிறந்தேயிராதவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும்தான், கணக்கே இல்லாமல்.

ஏன் என்று கேட்டால் வழக்கமாக ஒரு பதில் வரும்: அந்தக் கேள்வி. ஆணும் பெண்ணும் வெறும் நண்பர்களாக இருக்க முடியுமா? முடியாது, நடுவில் செக்ஸ் வந்துவிடும் என்கிறான் ஹாரி. இந்தியில் ‘ஹம் தும்’ (2004) வரைக்கும் பயணம் செய்த கேள்வி இது. நம்மூரில் இதற்குப் பட்டிமன்றமே வைத்துவிடுவோம். எனக்கென்னவோ படத்திலேயே ருசி குறைவான பகுதி இந்தக் கேள்விதான் என்று படுகிறது. முதலில், ஹாரியே அதில் நிலையாக நிற்பதில்லை. ஐந்து வருடம் கழித்து விமான நிலையத்தில் சந்திக்கும்போது, இருவருக்கும் வேறு துணை இருந்தால் நட்பு சாத்தியம் என்று ஒரு விதிவிலக்கைக் கண்டுபிடிக்கிறான். அடுத்த மூச்சில் அதையும் தானே உடைக்கிறான். அது தத்துவம் இல்லை. அழகான ஒரு பெண் பக்கத்தில் இருக்கும்போது இருபத்துச் சொச்ச வயசுப் பையன் அடிக்கிற அளப்பு.

படம் நிஜமாகத் தொடங்குவது இன்னும் ஐந்து வருடம் கழித்து, புத்தகக் கடையில். ஹாரியை மனைவி ஹெலன் விட்டுப் போய்விட்டாள். சாலி ஜோவைப் பிரிந்துவிட்டாள். ஹாரி இதை நண்பன் ஜெஸ்ஸிடம் சொல்லும் இடம் ஒரு கால்பந்து மைதானம். மனைவி போகிறேன் என்று சொன்னதும், தனக்கு முன்பே சாமான் ஏற்ற வந்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்ததும் என்று அவன் வாழ்க்கையின் மிக மோசமான நாளை விவரித்துக்கொண்டிருக்கிறான். அரங்கத்தில் மெக்ஸிகன் வேவ் சுற்றி வருகிறது. அலை தங்கள் வரிசைக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேரும் இயந்திரம் மாதிரி எழுந்து கையைத் தூக்கிவிட்டு உட்கார்கிறார்கள். கதை பாட்டுக்கு ஓடுகிறது. துக்கம் என்பது பெரும்பாலும் இப்படித்தானே இருக்கிறது, ஊர் கூடிக் குதூகலிக்கும் இடத்தில் நாமும் எழுந்து நின்றபடி.

அப்புறம் இந்த இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள்? ஒன்றுமில்லை. நடக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், தரைவிரிப்பை உருட்டி விரிக்கிறார்கள், கிறிஸ்துமஸ் மரத்தை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கி வருகிறார்கள். அருங்காட்சியகத்தில் ஹாரி கோணல் உச்சரிப்பில் எதையோ உளறிச் சாலியையும் சொல்லவைக்கிறான். (பில்லி கிரிஸ்டல் அந்த இடத்தில் ஒத்திகையில் இல்லாததைப் பேசினார்; மெக் ரயனின் சிரிப்பு நிஜச் சிரிப்பு.) காதல் படங்கள் ஒரு பாட்டுக்குள் அடக்கிவிட்டு நகரும் இடம் இது. இந்தப் படம் அங்கேதான் குடியிருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த காட்சி அந்தத் தொலைபேசிப் பேச்சு. இரவு. அவரவர் வீட்டில், அவரவர் கட்டிலில், இருவரும் தொலைக்காட்சியில் ‘காஸாபிளாங்கா’ பார்த்தபடி பேசுகிறார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கார் பயணத்தில், அந்தப் படத்தின் நாயகி எடுத்த முடிவுதான் சரி, மதுக்கடை நடத்துகிறவனோடு யார் இருப்பார்கள் என்று சாலி அடித்துப் பேசியிருந்தாள். ஹாரி அதை நினைவுபடுத்துகிறான். சேச்சே, நான் அப்படிச் சொல்லவே இல்லை, சொல்லியிருக்கவும் மாட்டேன் என்கிறாள். சரி, நீ சொன்னா சரிதான் என்று விட்டுவிடுகிறான். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் இதில் எவ்வளவு நடந்திருக்கிறது பாருங்கள். இருபது வயதில் நாம் உளறியதை ஒருவர் பத்திரமாக வைத்திருக்கிறார். அதை நிரூபித்து ஜெயிக்க அவருக்கு இப்போது அவசியமும் இல்லை. முதல் பயணத்தில் இருந்த ஹாரி என்றால் விட்டிருப்பானா?

இந்தக் காட்சியில் திரை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இடது பக்கக் கட்டிலும் வலது பக்கக் கட்டிலும் சேர்ந்து ஒரே கட்டில் மாதிரித் தெரியும். டோரிஸ் டே, ராக் ஹட்சன் நடித்த ‘பில்லோ டாக்’ (1959) காலத்து உத்திதான். ஆனால் ராப் ரைனர் இதைப் பிற்பாடு திருப்பிப் போடுகிறார். ஜோ வேறொருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான் என்று தெரிந்து சாலி அழும் இரவில், தேற்றப் போன ஹாரி அவளோடு படுக்கிறான். இப்போது நிஜமாகவே ஒரே கட்டில். சாலி முகத்தில் நிறைவு, ஹாரி கண்கள் கூரையில் குத்திட்டு நிற்கின்றன. மறுநாள் காலை திரை மூன்றாகப் பிரிகிறது. இந்த ஓரத்தில் ஹாரி, அந்த ஓரத்தில் சாலி, நடுவில் ஜெஸ்ஸும் மேரியும் படுத்திருக்கும் கட்டில். ஹாரி ஜெஸ்ஸிடமும், சாலி மேரியிடமும், ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் புலம்புகிறார்கள். தனித்தனியாகப் படுத்தபோது சேர்ந்திருந்தவர்களுக்கு நடுவில், சேர்ந்து படுத்த பிறகு ஒரு முழுக் கட்டில் வந்துவிட்டது. வசனத்தில் ஹாரி பத்து வருடம் வாதாடியதைவிட இந்த ஒரு பிரேம் எனக்கு அதிகம் சொல்கிறது. நட்புக்கு நடுவில் வந்தது உடல் இல்லை. இனி எதைப் பேசுவது, எதை மறைப்பது என்ற பயம்.

எழுதியவர் நோரா எஃப்ரான். பெனி மார்ஷலுடன் விவாகரத்தாகி, தனியாளாகத் தடுமாறிக்கொண்டிருந்த ரைனரைப் பேசவிட்டுக் கேட்டுத்தான் ஹாரியை உருவாக்கினார். ஓட்டலில் அது தனியாக, இது ஓரமாக என்று சாலி படுத்தும் பாடு எஃப்ரானின் சொந்தப் பழக்கம். தன் மணமுறிவை ஏற்கெனவே ‘ஹார்ட்பர்ன்’ (1983) நாவலாக எழுதி முடித்திருந்தவர் அவர். ஆக, அடிபட்ட இருவர் உட்கார்ந்து பேசியதிலிருந்து, அடிபட்ட இருவர் உட்கார்ந்து பேசும் படம்.

காட்ஸ் உணவகக் காட்சியும் அந்தப் பேச்சில் பிறந்ததுதான். பெண்கள் படுக்கையில் உச்சத்தை நடிப்பதுண்டு என்று எஃப்ரான் சொன்னது ரைனருக்குப் புதுச் செய்தி. அதை ஓட்டலில் வைத்து நடித்தே காட்டலாம் என்றது மெக் ரயன். பக்கத்து மேசை அம்மா சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வரி கிரிஸ்டல் கொடுத்தது. சொன்னவர் இயக்குநரின் அம்மா எஸ்டெல் ரைனர். எல்லோரும் சாலியைப் பார்த்துச் சிரிக்கும்போது ஹாரியைக் கவனியுங்கள். பெண்களைப் பற்றிப் பத்து வருடமாக வகுப்பெடுத்தவன், தனக்கு ஒன்றுமே தெரியாது என்று தெரிந்துகொள்ளும் முகம் அது. சாலி முள்கரண்டியை எடுத்துச் சாப்பாட்டைத் தொடர்கிறாள்.

குறைகள் உண்டு. சாலி பத்திரிகையாளர், ஹாரி அரசியல் ஆலோசகர். யாரும் வேலை செய்து நான் பார்த்ததில்லை. வீட்டு வாடகை என்ற சொல் இந்த நியூயார்க்கில் கிடையாது. வெள்ளையர் அல்லாத முகங்கள் அபூர்வம். பழைய ஜாஸ் பாடல்கள், இலையுதிர்காலப் பூங்கா எல்லாம் உடி ஆலன் வீட்டுச் சாமான்கள். சரி.

முடிவுக்கு வருவோம். முதலில் எழுதியபடி ஹாரியும் சாலியும் சேரவில்லை. படப்பிடிப்பு சமயத்தில் ரைனர் மிஷெல் சிங்கரைச் சந்தித்தார், பிறகு மணந்தார். படத்தின் முடிவும் மாறியது. நட்பை நட்பாக விட்டிருக்கலாம், கல்யாணத்தில் முடித்தது சமரசம் என்பவர்களை எனக்குத் தெரியும். நெருங்கிய நட்பைக் காதலுக்கான காத்திருப்பு அறையாகப் பார்க்கும் உலகத்தில் அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இந்தப் படம் அப்படிப் பார்க்கவில்லை என்பதுதான் என் கட்சி. அந்த இரவுக்குப் பிறகு மூன்று வாரம் இருவராலும் ஒரு சாதாரண வாக்கியம் பேச முடியவில்லை. ஜெஸ், மேரி கல்யாணத்தில் அறை விழுகிறது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு மரத்தைச் சாலி தனியாக இழுத்துக்கொண்டு போகிறாள். எந்தக் காதல் இழப்பையும் காட்டுவதுபோலத்தான் ஒரு நண்பனின் இழப்பைப் படம் காட்டுகிறது. ஹாரி பதில் சொல்லும் இயந்திரத்தில் விடாமல் மன்னிப்புக் கேட்கிறான், பாடுகிறான். அவனுக்கு வேண்டியிருப்பது மறுமுனையில் யாராவது எடுப்பதுதான்.

புத்தாண்டு இரவில் ஓடிவந்து அவன் சொல்வதையும் பாருங்கள். நீ அழகி, நீ இல்லாமல் வாழமாட்டேன் என்ற ரகம் ஒன்றுகூட இல்லை. 71 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் உனக்குக் குளிரும், ஒரு சாண்ட்விச் சொல்ல ஒன்றரை மணி நேரம் ஆக்குவாய், முறைக்கும்போது மூக்குக்கு மேல் ஒரு சுருக்கம் விழும் என்று பட்டியல் போடுகிறான். எல்லாமே அவன் கூடவே இருந்து கவனித்தவை, பாதி அவன் அலுத்துக்கொண்டவை. தூங்குவதற்கு முன் கடைசியாகப் பேச விரும்பும் ஆள் நீதான் என்று முடிக்கும்போது, அந்த இரட்டைக் கட்டில் காட்சி திரும்ப வருகிறது. அவன் கேட்பது தொலைபேசியை. நட்பைக் கொடுத்துக் காதலை வாங்கவில்லை. தொலைத்த நட்பைத் திரும்பக் கேட்கிறான், இந்த முறை எதையும் மறைக்காமல். சாலி பதிலுக்கு, உன்னை வெறுக்கிறேன் ஹாரி என்று அழுகிறாள்.

படம் முழுக்க நடுநடுவே வயதான தம்பதிகள் சோபாவில் உட்கார்ந்து தாங்கள் சந்தித்த கதையைச் சொல்வார்கள். கதைகள் நிஜம், சொல்பவர்கள் நடிகர்கள். கடைசியாக அந்தச் சோபாவில் ஹாரியும் சாலியும். கல்யாணக் கேக்கைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டபடி. தேங்காய்க் கேக். சாக்லேட் சாஸ் தனியாக, ஓரத்தில். ஏனென்றால் எல்லோருக்கும் கேக்கின் மேல் அது பிடிக்காது என்று ஹாரி விளக்கத் தொடங்குகிறான், சாலி அதைத் தொடர்கிறாள்.